நிஸ்தீசிமோ: கிரேக்கத்தில் ஒன்பது நாட்கள்

முதல் நாள்: ஏப்ரல் 28, 2024, ஞாயிறு, ஏதென்ஸ்

ஏதென்ஸில் வந்து இறங்கிய மூன்றாவது மணி நேரத்தில் ஒரு ரொட்டிக்காரரின் முகத்தில் கரி பூசிவிட்டேன்.

நடந்தது இதுதான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சிந்தாக்மா சதுக்கத்துக்கு வந்து படியேறினோம். வெளியே ஒரு தள்ளுவண்டி. எள் தூவிய வளைய ரொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார் ஒரு பெரியவர். குலூரி என்று பெயர். ராத்திரிக்கும் காலைக்கும் சேர்த்து ஐந்து வாங்கலாம் என்று, மொழி தெரியாதவன் செய்வதைச் செய்தேன். வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை அவருக்குத் தெரியும்படி காட்டினேன். பெரியவரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சிரித்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, புறங்கை தன் பக்கம் வரும்படி திருப்பி வைத்தார். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். விரித்த உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது இங்கே பெரிய வசவு. முன்ட்சா என்பார்களாம். பைசாந்தியர் காலத்தில் குற்றவாளியைக் கழுதைமேல் ஏற்றி, முகத்தில் கரியைப் பூசி ஊர்வலம் விட்ட வழக்கத்தின் மிச்சம் அது. 'உன் முகத்தில் கரி' என்று ஐந்து விரலாலும் சொல்லியிருக்கிறேன்.

நம் கோயில்களில் பாதி சாமிகள் அபயக் கரம் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு கிரேக்கரை மதுரைக்கு அழைத்துப் போனால் என்ன நினைப்பார் என்று மனைவியிடம் கேட்டேன். "முதலில் ரொட்டிக்குக் காசைக் கொடுங்கள்" என்றாள்.

மொழியும் காலை வாருகிறது. 'நே' என்றால் ஆமாம். ஆங்கிலம் கலந்த நம் காதுக்கு அது இல்லை என்றுதான் விழுகிறது. உண்மையான 'இல்லை'க்கு 'ஓஹி' என்று சொல் இருந்தாலும் பலர் அதற்காக வாயைத் திறப்பதில்லை. புருவம் மேலே போகும், தலை சற்றுப் பின்னால் சாயும், நாக்கிலிருந்து ஒரு 'ச்' வரும். நம் ஊர்க் கடைகளில் சில்லறை கேட்டால் வருகிற அதே 'ச்'. அதை மட்டும் கற்றுக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

இன்று இவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. மேற்கே ஈஸ்டர் மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. கிரேக்கத் திருச்சபை பண்டிகை நாளை இன்னமும் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணிப்பதால் இங்கே மே 5. "அந்த வாரம் போகாதீர்கள், எல்லாம் மூடியிருக்கும்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் எச்சரித்தார். கட்டணம் குறைவாக இருந்தது, வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: ஏப்ரல் 29, திங்கள், ஏதென்ஸ்

காலை எட்டு மணிக்கு அக்ரோபோலிஸ் குன்று. நேரம் குறித்த டிக்கெட்டுக்கு ஆளுக்கு 20 யூரோ கொடுத்தோம். பாதைப் பாறையும் பளிங்கும் லட்சக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுவென்று இருக்கின்றன. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதை நம்பியும் ஏற வேண்டாம்.

குன்றின் உச்சியில் உள்ள பழைய கோயிலான பார்த்தினானைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்பியது அதன் படியை. கயிற்றுக்கு இப்பால் குனிந்து, கீழ்ப் படியின் விளிம்போடு கண்ணை ஓட்டினால் கல் நடுவில் மெல்ல மேடேறி, மறுபடி இறங்குவது தெரிகிறது. நீளப் பக்கத்தில் அந்த மேடு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர், அகலப் பக்கத்தில் 6. தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்து, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றே பருமன். கி.மு. 447-இல் தொடங்கிய கட்டடத்தில் கண்ணுக்கு நேராகத் தெரிகிற எதுவும் நேராக இல்லை. அளவுகோலால் நேராகக் கட்டினால் கண்ணுக்குத் தொய்ந்து தெரியும், அதனால் கண்ணை ஏமாற்றினார்கள் என்பது வழக்கமான விளக்கம்.

கோயிலாக இருந்து, மாதா கோயிலாகி, மசூதியாகி, கடைசியில் துருக்கியரின் வெடிமருந்துக் கிடங்காக இருந்தபோது, 1687-இல் வெனிசியர்கள் வீசிய குண்டு உள்ளே விழுந்தது. அதுவரை ஓரளவு முழுசாகத்தான் நின்றதாம்.

கீழே உள்ள அருங்காட்சியகத்தில் எரெக்தியோன் கோயிலின் பெண் வடிவத் தூண்கள். ஆறு பேரில் ஒருத்தியை எல்ஜின் பிரபு லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். இங்கே ஐந்து பேர் நிற்கிறார்கள், ஆறாவதின் இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. "பந்தியில் ஒரு இலையைப் போட்டுவிட்டு ஆளுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது" என்றாள் இவள். நான் அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மாலையில் பழைய சந்தைத் திடலான அகோரா. அங்குள்ள கண்ணாடிப் பேழைமேல் நான் குனிந்திருந்தபோது காவலுக்கு நின்ற பெண்மணி என் இடது ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதம் 19-ஆம் தேதி வாக்களித்த மை நகத்தில் இன்னும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. என்ன காயம் என்று கேட்டார். தேர்தல் என்றேன். அவர் முகம் மலர்ந்து, பேழைக்குள் கையைக் காட்டினார்: "எங்களுடையது இது."

உள்ளே உடைந்த பானை ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் கீறியிருக்கிறது. ஊருக்கு ஆபத்தாக வளர்கிறான் என்று தோன்றுகிறவன் பெயரை மக்கள் ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகளாவது சேர வேண்டும். அகப்பட்டவன் பத்து வருடம் ஊரை விட்டு வெளியேற வேண்டும். சொத்து பறிபோகாது, மானமும் போகாது, ஆள் மட்டும் போக வேண்டும். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரிடமிருந்து ஊரைக் காப்பாற்றிய தெமிஸ்தோக்ளிஸையே பிற்பாடு இப்படித்தான் அனுப்பினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு பழைய கிணற்றில் 190 ஓடுகள் மொத்தமாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்தோக்ளிஸ் பெயர்தான். கையெழுத்தை ஆராய்ந்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசலில் நின்று விநியோகிக்க யாரோ முன்கூட்டியே தயாரித்து வைத்த சரக்கு. வாக்குச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் மூதாதையரைப் பார்த்த திருப்தியோடு வெளியே வந்தேன்.

இரவுச் சாப்பாடுதான் சரியில்லை. நாங்கள் இருவரும் சைவம், முட்டையும் தொடமாட்டோம். காலையில் அடுமனைக்காரப் பெண் ஒரு மந்திரச் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: நிஸ்தீசிமோ. விரதச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம் விரதம் இருப்பவர்களுக்கு இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை, மீன் எதுவும் ஆகாது. இதைவிட வேறென்ன வேண்டும்? உணவகத்தில் உட்கார்ந்து கம்பீரமாக "நிஸ்தீசிமோ" என்றேன். பரிமாறுபவர் மெச்சும் பார்வை பார்த்துவிட்டுப் போய், தக்காளிச் சாற்றில் வெந்த குட்டை மாக்கரோனியைக் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் உறிஞ்சு வட்டங்களோடு சுருண்டு கிடந்தது ஆக்டோபஸின் கை.

ரத்தம் இல்லாத உயிர் விரதத்துக்கு ஆகும் என்பது இவர்கள் கணக்கு. ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி எல்லாம் அந்தப் பட்டியலில். தட்டு திரும்பிப் போனது. வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு அடுப்பில் வைத்துச் சுட்ட கிகான்டெஸ் வந்தது. சப்புக் கொட்டிச் சாப்பிட்டோம். மேசைமேல் இருந்த மிளகுத்தூள் குப்பியில் 'பிப்பேரி' என்று எழுதியிருந்தது. பிப்பலி என்கிற நம் திப்பிலியின் பெயர் கடல் தாண்டி மிளகுக்கு ஒட்டிக்கொண்டது. முசிறியிலிருந்து ஹெர்மப்போலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு கிரேக்க மொழியில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தாள். அந்தக் கப்பலில் போன நம்மவர் யாராவது இருந்திருந்தால், அவருக்கும் ஆக்டோபஸ்தான் வைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள்: ஏப்ரல் 30, செவ்வாய், ஏதென்ஸ் – நாஃப்லியோ

பஸ் மத்தியானம்தான். காலையில் டிராம் ஏறி நேயா ஸ்மிர்னிக்குப் போனோம். சுற்றுலாப் பயணிகள் போகிற இடமில்லை. போகிற வழியெல்லாம் ஐந்தாறு மாடிக் குடியிருப்புகள், ஒவ்வொரு மாடியிலும் வெயில் மறைக்கும் துணிக் கூரை, பூந்தொட்டி. போருக்குப் பிந்தைய ஏதென்ஸ் பெரும்பாலும் கைக்காசு இல்லாமல் கட்டப்பட்டது. நிலத்துக்காரர் மனையைக் கொடுப்பார், கட்டுநர் அடுக்குமாடி எழுப்பி இரண்டு மூன்று வீடுகளை அவருக்கே கொடுத்துவிட்டு மீதியை விற்றுக்கொள்வார். அந்திபரோஹி என்று பெயர். சென்னையில் பழைய தனிவீடுகள் மறைந்த கதையும் அதுதான் என்பதால் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நேயா ஸ்மிர்னி என்றால் புதிய ஸ்மிர்னா. பழைய ஸ்மிர்னா இன்றைய துருக்கியின் இஸ்மீர். 1922 செப்டம்பரில் அந்த நகரம் எரிந்தது. மறு வருடம் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இங்கிருந்து அங்கே போனார்கள். பிரித்த அளவுகோல் மதம், மொழி அல்ல. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு 'திரும்பி' வந்தார்கள். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குத் 'திரும்பி'ப் போனார்கள். இரு தரப்பும் பார்த்திராத ஊருக்கு.

காப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர், கையில் மணிமாலையை உருட்டிக்கொண்டே, குடும்பப் பெயரின் வாலைப் பார்த்து ஊரைச் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். 'ஆகிஸ்' என்று முடிந்தால் கிரீட். 'ஓபூலோஸ்' என்றால் தெற்கே உள்ள பெலொப்பொனேசோஸ் தீபகற்பம். 'ஓக்லூ' என்றால் அக்கரையிலிருந்து வந்த குடும்பம், அது மகன் என்பதற்கான துருக்கிச் சொல்லின் மிச்சம். உங்கள் பெயர் எப்படி முடியும் என்று நான் கேட்டேன். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு "ஓக்லூ" என்றார்.

பஸ் கொரிந்து கால்வாயைக் கடந்தது. பைபிளில் உள்ள பவுலின் நிருபங்கள் வழியாக நம் ஊரிலும் தெரிந்த அதே கொரிந்து. நீரோ மன்னன் கி.பி. 67-இல் வெட்டத் தொடங்கிய வாய்க்கால் முடிந்தது 1893-இல். ஒரு நிமிடக் காட்சி, செங்குத்தான இரண்டு சுவர், அடியில் ஒரு நீலக் கோடு. பஸ் நிற்கவில்லை. ஓட்டுநர் ஒவ்வொரு கோயிலைக் கடக்கும்போதும் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து மும்முறை சிலுவை போட்டுக்கொண்டார், வலது தோளிலிருந்து இடது தோளுக்கு. அந்தச் சாலையில் கோயில்கள் அதிகம், வளைவுகளும் அதிகம். வளைவுகளில் அஞ்சல் பெட்டி அளவில் குட்டிக் கோயில்கள் கம்பத்தின்மேல் நிற்கின்றன, உள்ளே ஒரு படம், ஒரு எண்ணெய் விளக்கு. விபத்தில் செத்தவர்களுக்காகவோ பிழைத்தவர்கள் நன்றிக்காகவோ வைப்பது.

நாலு மணிக்கு நாஃப்லியோவில் கல் பாவிய சந்தில் பெட்டியைக் கடகடவென்று இழுத்துப் போனோம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, வரவேற்புக்கு முன்னால் உதட்டில் விரலை வைத்தார். கோடையில் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும் நேரம், சத்தம் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

நான்காம் நாள்: மே 1, புதன், நாஃப்லியோ

இன்று எங்கும் போவதாக இல்லை. கோட்டை, அருங்காட்சியகம், எதுவும் இல்லை. மே தினம்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் 'கிரியா' என்று கூப்பிடுகிறோம், அம்மணி என்பது போல. எண்பதை நெருங்குகிறவர், முழுக்கக் கறுப்பு உடை. காலையில் காட்டுப் பூக்களை வளையமாகக் கட்டி வாசற்கதவில் மாட்டிக்கொண்டிருந்தார். "கலோ மீனா" என்றார். நல்ல மாதம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எதிர்ப்படுபவரிடமெல்லாம் சொல்வார்கள்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் காப்பி குடித்தோம். இந்த நாட்டில் அது முழு நேர வேலை. பிரிகி என்ற நீண்ட கைப்பிடிச் செம்பில் மாவு போல அரைத்த தூள், தண்ணீர், சர்க்கரை எல்லாம் சேர்த்து, நுரை பொங்கி வரும் கணத்தில் இறக்குவார்கள். சர்க்கரை பிறகு சேர்ப்பதில்லை, ஆகவே கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ஸ்கெத்தோ வெறும் காப்பி, மெத்ரியோ மிதமான இனிப்பு, கிளிக்கோ நல்ல இனிப்பு. அடியில் வண்டல் நிற்கும். முதல் தடவை நான் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு வாய் நிறையச் சேற்றோடு உட்கார்ந்திருந்தேன். முன்பு எல்லோரும் இதைத் துருக்கிக் காப்பி என்றுதான் சொன்னார்கள். 1974-இல் சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கிய பிறகு அது கிரேக்கக் காப்பி ஆயிற்று. காப்பி அதேதான். இளைஞர்கள் இதைத் தொடுவதில்லை. அவர்களுக்குப் பனிக்கட்டி போட்ட குளிர்காப்பி. அதற்கு முன்னோடி, 1957-இல் தெசலோனிக்கி வணிகக் கண்காட்சியில் வெந்நீர் கிடைக்காத ஒரு விற்பனைப் பிரதிநிதி குளிர்ந்த நீரில் காப்பித்தூளைப் போட்டுக் குலுக்கியதில் பிறந்த ஃபிராப்பே.

ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். யாரும் வந்து ரசீதை நீட்டமாட்டார்கள். கேட்காமலே தண்ணீர் வரும். "சிகா சிகா", மெல்ல மெல்ல.

இந்தச் சின்ன ஊர்தான் சுதந்திர கிரேக்கத்தின் முதல் தலைநகர். ஏதென்ஸ் அந்த இடத்துக்கு வந்தது 1834-இல்தான். முதல் ஆட்சித் தலைவர் கப்போதீஸ்த்ரியாஸ், அதற்கு முன் ரஷ்யப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவரைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். பஞ்சத்துக்காக உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து துறைமுகத்தில் குவித்தாராம், யாரும் சீந்தவில்லை. குவியலைச் சுற்றிக் காவல் போட்டு, திருடினால் கண்டுகொள்ளாதீர்கள் என்று காவலரிடம் சொல்லிவைத்தாராம். மறுநாள் காலையில் குவியல் இல்லை. 1831-இல் அவரே தெருமுனைத் தேவாலயத்தின் வாசலில் பகை கொண்ட குடும்பத்தாரால் கொல்லப்பட்டார். குண்டு பட்ட சுவர்க்கல்லுக்குக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் நுழையும் அளவுப் பள்ளம்.

ஐந்தாம் நாள்: மே 2, பெரிய வியாழன்

எபிதாவ்ரோஸ் அரங்கம். கி.மு. நான்காம் நூற்றாண்டு, 55 வரிசை, பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல் உட்காரலாம். நடுவில் காசு போட்டால் கடைசி வரிசையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் சத்தியம் செய்கிறார்கள். 2017-இல் டச்சு ஆய்வாளர்கள் கருவிகளை வைத்து அளந்துவிட்டு, காசும் கிசுகிசுப்பும் அவ்வளவு தூரம் தெளிவாகப் போகாது, உரக்கப் பேசினால் போகும் என்றார்கள். நான் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, மனைவி நடுக்கல்லில் நின்று காசைப் போட்டாள். ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. அதன்பிறகு "கேட்கிறதா?" என்று அவள் சாதாரணக் குரலில் கேட்டது முழுசாகக் கேட்டது. முப்பது வருடப் பழக்கம் என்பதால் இதை ஆய்வில் சேர்க்க முடியாது.

திரும்பி வந்தால் வீடெங்கும் வினிகர் வாசனை. பெரிய வியாழன் அன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள், கிறிஸ்துவின் ரத்தம் என்று. சாயத்தில் வினிகர் விட்டால்தான் பிடிக்கும். கிரியா ஒவ்வொரு முட்டையையும் ஆலிவ் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். ஏதென்ஸில் வேலை பார்க்கும் பேரன் யோர்கோஸ் வந்திருக்கிறான். இனி எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார்.

ஆறாம் நாள்: மே 3, பெரிய வெள்ளி

கிரேக்கத்திலும் பெயர் 'மெகாலி பரஸ்கெவி', பெரிய வெள்ளி. எழுத்துக்கு எழுத்து நம்முடையதே. காலையிலிருந்து மணி ஒற்றை ஒற்றையாக விழுந்துகொண்டிருக்கிறது. கொடிகள் அரைக்கம்பத்தில். ஒரு சாமிக்காக நாடு முழுக்க அரைக்கம்பம்.

கிரியா கணவரின் கல்லறைக்குப் பூ எடுத்துப் போனார், கூட வருகிறீர்களா என்றார். பளிங்குக் கல், எண்ணெய் விளக்கு, சட்டத்துக்குள் ஒரு மீசைக்காரரின் படம். கல்லில் இருந்த முதல் பெயரும் பக்கத்தில் நின்ற பையனின் பெயரும் ஒன்று. பெருநகரங்களில் புதைக்க இடமில்லாததால் பொதுவாக மூன்று வருடத்தில் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று யோர்கோஸ் சொன்னான். எரிக்கும் வழக்கம் இல்லையா என்று கேட்டோம். 2006 வரை சட்டமே இடம் தரவில்லை. நாட்டின் முதல் எரியூட்டு நிலையம் 2019-இல்தான் வந்தது. அதுவரை எரிக்க விரும்பியவர்கள் உடலை பல்கேரியாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரில் மறுநாள் காலையில் சாம்பலை எடுத்து ஆற்றில் கரைத்துவிடுவோம் என்று மனைவி சொன்னதை அவன் பாட்டிக்கு மொழிபெயர்த்தான். கிரியா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் விளக்கை எங்கே ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார்.

மத்தியானம் துவரையைவிடச் சிறிய பருப்பில் ஒரு கஞ்சி, எண்ணெய் கிடையாது, மேலே வினிகர். சிலுவையில் தாகத்துக்குக் காடி கொடுத்ததன் நினைவாக. கிரியா எங்களுக்கும் வைத்தார். உப்புக் குறைவு, ஆனாலும் இந்தப் பயணத்தில் பயமில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

இரவு ஒன்பது மணிக்கு எபிதாஃபியோஸ். ஏசுவின் சடலம் தைத்த துணியை வைத்த மரப் பல்லக்கு, முந்தின இரவு பெண்கள் உட்கார்ந்து பூவாலேயே மூடியிருக்கிறார்கள், மரம் தெரியவில்லை. முன்னால் இசைக்குழு, பின்னால் மெழுகுவத்தியோடு ஊர். சந்து குறுகும் இடங்களில் தூக்கிகள் தோளை மாற்றிக்கொள்ள நிற்கிறார்கள், மாடிகளிலிருந்து பெண்கள் சாம்பிராணிப் புகை காட்டுகிறார்கள். என் சட்டையில் நாலு இடத்தில் மெழுகு. சதுக்கத்தில் இன்னொரு கோயிலின் பல்லக்கும் வந்து சேர்ந்தபோது கூட்டம் அசையவில்லை, பேசவும் இல்லை.

ஏழாம் நாள்: மே 4, சனி

காலையில் பலமிதி கோட்டை. 999 படி என்பது ஊர்க்கணக்கு, நான் எண்ணியது அதைவிடக் குறைவு, மூச்சு வாங்கியதில் சில விட்டுப்போயிருக்கலாம். வெனிசியர்கள் 1711-இல் தொடங்கி 1714-இல் கட்டி முடித்தார்கள். 1715-இல் துருக்கியர் பிடித்துக்கொண்டார்கள். கிருகப்பிரவேசம் முடிந்த மறு வருடமே.

மாலையில் எருசலேமிலிருந்து புனிதத் தீ விமானத்தில் ஏதென்ஸ் வந்து இறங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு நாட்டின் தலைவருக்குரிய ராணுவ மரியாதை, ஒரு விளக்குக்கு.

பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் நின்றோம். பன்னிரண்டுக்குச் சற்று முன் உள்ளே விளக்குகளெல்லாம் அணைந்தன. இருட்டில் ஒரே ஒரு சுடர் வெளியே வந்தது. அதிலிருந்து பத்து, பத்திலிருந்து நூறு, முன்னால் நின்ற சிறுமி திரும்பி என் வத்திக்குத் தீ கொடுத்தாள். "ஹ்ரிஸ்தோஸ் அனெஸ்தி!" கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். மணி, பட்டாசு, முத்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில். பட்டாசுச் சத்தத்தில் இவளுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

தீயை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் மறைத்து மறைத்து நடந்தோம். இருமுறை என்னுடையது அணைந்தது, இருமுறையும் தெரியாதவர்கள் நின்று ஏற்றிக் கொடுத்தார்கள். வாசலில் யோர்கோஸ் வத்தியை உயர்த்தி நிலைப்படியின் மேல்கட்டையில் புகையால் சிலுவை வரைந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வருடச் சிலுவைகள், கீழே உள்ளவை வெறும் கறையாக மாறியிருந்தன. "தாத்தாவுக்கு இவ்வளவு உயரம் எட்டாது, நாற்காலி போடுவார்" என்றான்.

எட்டாம் நாள்: மே 5, ஈஸ்டர் ஞாயிறு

விரதம் முடிந்தது, எங்கள் கஷ்டம் தொடங்கியது. காலை எட்டு மணியிலிருந்து ஊரே புகை. முற்றத்துக்கு முற்றம் முழு ஆட்டுக்குட்டி கம்பியில் கோத்துக் கரிமேல் சுழல்கிறது. ஆண்கள் முறை வைத்துச் சுற்றுகிறார்கள், பக்கத்தில் ஒயின், வானொலியில் பாட்டு. நிஸ்தீசிமோ என்ற சொல் நேற்று நள்ளிரவோடு காலாவதியாகிவிட்டது. கிரியாவுக்கு இது தெரிந்திருக்கிறது. பசலை போன்ற ஒரு கீரையை மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையே வைத்து எங்களுக்கென்று தனியாகச் சுட்டு, துணி போட்டு மூடி வைத்திருந்தார். முட்டை சேர்க்கவில்லை என்பதைப் பேரனை விட்டு மூன்று முறை சொல்லச் சொன்னார்.

பிறகு முட்டை உடைக்கும் போட்டி. ஆளுக்கொரு சிவப்பு முட்டை, ஒருவர் முட்டையின் மூக்கால் மற்றவர் முட்டையை இடிக்க வேண்டும். உடையாமல் தப்பிய முட்டைக்காரருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த மேசையில் கடைசியாக உடையாமல் நின்றது என் மனைவியின் முட்டை. முட்டையே தொடாதவள் ஜெயித்துவிட்டாள். கிரியா அவள் பட்டுப் புடவையை ஒரு முறை பார்த்து, முட்டையை ஒரு முறை பார்த்து, "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று மூன்று முறை துப்புகிற பாவனை செய்தார். கண் படக் கூடாதாம். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள்: மே 6, திங்கள்

மறுபடி மணி. இன்று புனித ஜார்ஜ் திருநாள். வழக்கமாக ஏப்ரல் 23. அந்தத் தேதி விரத காலத்துக்குள் வந்துவிட்டால் ஈஸ்டருக்கு மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள், விரதத்தில் விருந்து வைக்க முடியாதே. யோர்கோஸ் என்பது அந்த ஜார்ஜ்தான். மண்ணில் பாடுபடுகிறவன், உழவன் என்று பொருள். இங்கே பிறந்த நாளைவிடப் பெயர் நாள் பெரிது. அழைப்பு தேவையில்லை, இன்று யோர்கோஸ் இருக்கிற வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழைந்து "க்ரோனியா பொலா", பல்லாண்டு, என்று சொல்லி இனிப்புச் சாப்பிடலாம். செலவு பெயர்க்காரனுடையது. மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது வழக்கம் என்று அவன் சொன்னபோது, எங்கள் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்றேன். பாட்டியிடம் சொன்னான். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தார். 'பெயரன்' அவருக்கு எளிதாக வந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜெயித்த முட்டையைத் துணியில் சுற்றி மனைவியின் கையில் வைத்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஈஸ்டர் வரை வைக்க வேண்டும், கெடாது என்றார். மதுரை வெயிலில் இது எப்படி என்று நான் வாயைத் திறந்தேன், இவள் முழங்கையால் இடித்தாள்.

விமான நிலையச் சோதனையில் கைப்பை கருவிக்குள் போய் நின்றுவிட்டது. காவலர் பையைத் திறந்து, என் சாக்ஸுக்குள் கையை விட்டு, அந்தத் துணிப் பொதியை எடுத்துப் பிரித்தார். சிவப்பைப் பார்த்ததும் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"ஹ்ரிஸ்தோஸ் அனெஸ்தி" என்றார்.

"அலிதோஸ் அனெஸ்தி" என்றாள் இவள், நான் சொல்லை யோசித்து எடுப்பதற்குள். மெய்யாகவே எழுந்தார். அவர் முட்டையைத் திரும்பச் சுற்றி, சாக்ஸுக்குள் இட்டு, மெல்லக் கீழே வைத்தார்.